முதல் சொம்புத் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்

குக்கர் விசிலுக்காக உள்ளே வந்த நேரம்தான். திரும்பிப் போய்ப் பார்த்தால் விதுலா துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. உதட்டுக்கு மேல் மீசை மாதிரி ஒரு கோடு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பல்லிலும் இருக்கிறதா என்று வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன். கடித்துவிட்டாள்.

பழைய ஆயில். வடக்கே மழை பிடித்ததும் போர் போடுகிற ரிக் வண்டிகள் எல்லாம் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும். எங்கள் வண்டியைப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தி இஞ்சினுக்கும் கம்ப்ரஸருக்கும் ஆயில் மாற்றுவார்கள். வடித்தது நீலக் கேன்களில் வீட்டுக்குப் பின்னால் வந்து உட்காரும். போன வருடத்து ஆயில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமாவுக்கு அது சொத்து. ரிக்கிலேயே வாழ்ந்துவிட்டு, மகன் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த மனிதர். கேட் கீலுக்கு அந்த ஆயில், கதவு நிலையில் கரையானுக்கு அந்த ஆயில், சாக்கடையில் கொசுவுக்கும் தெருநாயின் சொறிக்கும் அதே ஆயில்.

தேங்காய் எண்ணெய் தேய்த்து, கடலை மாவு போட்டு, சோப்புப் போட்டு, மறுபடி தேங்காய் எண்ணெய். நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

மாமாவிடம் கத்திச் சொன்னேன். கம்ப்ரஸர் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் தெருவுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“ஆயிலுதான அம்மிணி. ஒண்ணும் பண்ணாது. லோகு சின்னதுல கிரீஸ் டப்பாவுக்குள்ளயே கெடப்பான்” என்றார்.

விதுலா அப்பாவுக்குப் போன் போட்டேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“புள்ள நல்லாத்தான இருக்கறா?”

“இருக்கறாங்க.”

“அப்பறம் எதுக்கு அழுவற?”

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். “செரி, அப்பாகிட்டச் சொல்லி இன்னைக்கே எடுக்கச் சொல்றேன். வெச்சர்றேன் சிந்து, போர் போடற பாயிண்டுல நிக்கறேன்” என்றார்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் நானும் விதுலாவும் தூங்கி எழுந்து பார்த்தால் கேன்கள் இருந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறை மட்டும்தான்.

“ஆயிலெல்லாம் தாட்டியுட்டாச்சு அம்மிணி. இனி நிம்மதியா இரு” என்றார் மாமா. முகத்தில் கொஞ்சம் வருத்தம்.

யாருக்குக் கொடுத்து அனுப்பினார் என்று கேட்கவில்லை. சென்ட்ரிங் ராசுவுக்குத்தான் இருக்கும். காங்கிரீட் ஒட்டாமல் வருவதற்குப் பலகையில் தடவ அவர்தான் வந்து வாங்கிப் போவார். கறையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கல்யாணமாகி வந்து இந்த வீட்டில் நான் கேட்டு ஒன்று நடந்தது இதுதான் முதல்தடவை.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்குப் பின்னால் இரண்டு போர். முதலில் போட்டது வறண்டுவிட்டது. ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர்கள் வீட்டிலேயே தண்ணீருக்குப் பதில் வெறும் தூசிப் புகை வந்ததில் மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். மறுநாளே பக்கத்தில் இன்னொன்று போட்டார்கள். அதில்தான் நாங்கள் குடிக்கிற தண்ணீர். அப்போது விதுலா வயிற்றில். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் குழிக்குள் காற்று அடிக்க அடிக்க, பக்கத்தில் வறண்ட குழியின் வாயிலிருந்து வெள்ளைத் தூசி குபுகுபுவென்று கிளம்பியது. விதுலா அப்பா ஓடிப்போய்த் தன் துண்டை அதன்மேல் விரித்தார். துண்டு பறந்துபோய் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். முகமெல்லாம் மாவு பூசின மாதிரி தூசி.

வறண்ட போருக்கு இரும்பு மூடி போட்டு, மேலே ஒரு கல் வைத்திருக்கிறது. இருந்தாலும் தினமும் ஒருமுறை போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். செய்தியில் வருகிறதே, குழந்தைகள். இன்று கல் கொஞ்சம் நகர்ந்திருந்த மாதிரித் தோன்றியது.

எனக்கு நிறையத் தோன்றும்.

ஜூன் 24, செவ்வாய்

எதிர்வீட்டு மேகலாக்காவின் கணவர் வந்துவிட்டார். அவர்கள் வண்டி, பின்னால் இன்னொரு வண்டி, ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் வந்தன. விதுலா பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மேகலாக்கா கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். “உனக்கென்ன சிந்து, நிம்மதி. எனக்கு இவரு துணியத் தொவச்சே கையி தேஞ்சுபோச்சு. மூணு அலசு அலசியும் தண்ணி கறுப்பாவே வருது. பேசாம நீயே வெச்சுக்கறயா?”

“துணியவாங்க்கா, அண்ணனவா?”

“எதோ ஒண்ண எடுத்துக்க போ.”

சிரித்தோம். அவள் போன பிறகு குழம்பை மாமாவுக்கு ஊற்றினேன். விதுலா அப்பா எப்போது வருகிறார் என்று மாமாவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்றுப் பேசியபோது அங்கே இன்னும் மழை பிடிக்கவில்லை என்றார். பின்னால் மழைச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது. கம்ப்ரஸராக இருக்கும்.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் கண் அசந்திருந்தேன். அவர் வாசம் வந்தது. வேர்வையும் டீசலும் ஆயிலும் கலந்து, வண்டியிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குள் வந்தால் எப்படி இருக்குமோ அப்படியே. எழுந்துவிட்டேன். தலையைச் சரிசெய்துகொண்டுதான் கூடத்துக்கு வந்தேன்.

யாரும் இல்லை. மாமா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாசம் சமையலறையில் இருந்து வந்தது. குடத்தில் இருந்து.

ஜூலை 5, சனி

மாமா ஒரு சொம்பு முழுக்கக் குடித்துக் காட்டினார். “நல்ல தண்ணி அம்மிணி. மழைக்கு ஊத்து புதுசா தொறந்திருக்கும், மண்ணு வாசமா இருக்கும்.” எனக்கு மண் வாசம் தெரியாதா?

மேகலாக்கா டம்ளரை மூக்கில் வைத்து இழுத்தாள். “எனக்கு ஒண்ணும் வரல. உன்ற ஊட்டுக்காரரு நெனப்பு உனக்கு மூக்குல ஏறிருச்சு, போ.”

அப்படியும் இருக்கலாம். அவர் ஜனவரியில் கிளம்பும்போது கழற்றிப் போட்ட சட்டை பீரோவில் இருக்கிறது. துவைக்க நேரம் கிடைக்கவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசம் வரும். அதுதான் மூக்கிலேயே நிற்கிறதோ என்னவோ.

ஜூலை 9, புதன்

அவரிடம் போனில் சொன்னேன்.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா சிந்து?”

“இல்லீங்க. நெசமா வாசம் வருது. ஆயில் வாசம்.”

“அப்பா ஒண்ணுமில்லன்னு சொல்றாரு. மேகலாக்காவும் பாத்துருக்காங்க. மாத்தர சாப்புடறயா?”

“சாப்புடறேன்” என்றேன்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த பயத்துக்கு ஈரோட்டு டாக்டர் கொடுத்த மாத்திரை. பால் பாட்டிலை மறுபடி மறுபடி கொதிக்க வைப்பேன், மூச்சு வருகிறதா என்று தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவேன். அப்படிக் கொஞ்ச காலம். ஏப்ரலில் டாக்டரே போதும் என்று நிறுத்திவிட்டார். அந்தச் சீட்டைக் காட்டியும் இருக்கிறேன். ஆனால் இந்த வீட்டில் நான் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறவள்தான். இல்லை, நிறுத்தியாகிவிட்டது என்று ஆரம்பித்தால் அதைப் பற்றியே பேச்சுப் போகும். தண்ணீரைப் பற்றிப் போகாது.

ஜூலை 10, வியாழன்

கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன். விதுலாவுக்குக் குடிக்க, குளிக்க, கிண்ணம் கழுவ, எல்லாம் இனி அதுதான். போர்த் தண்ணீர் அவள்மேல் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. மாமா கேன்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரிக்காரன் வீட்டில் கேன் தண்ணீர்.

ஜூலை 12, சனி

கெமிஸ்ட்ரி படித்தேன் என்று பெயர். மூன்று வருடம் படித்ததில் இப்போது உபயோகப்படுவது எண்ணெய் மிதக்கும் என்பது மட்டும்தான். அது படிக்காமலே தெரியும்.

கழுத்து குறுகலான பழைய ஊறுகாய் ஜாடி ஒன்றைச் சோப்பே போடாமல் வெந்நீரில் கழுவி, போர்த் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி ஜன்னலில் வைத்திருக்கிறேன். இருந்தால் மேலே ஏறி வரட்டும்.

ஜூலை 14, திங்கள்

ஒன்றுமில்லை. தெளிந்த தண்ணீர். வாசம் மட்டும் இருக்கிறது. அல்லது இல்லை.

அம்மா தாராபுரத்தில் இருந்து பேசினாள். “கண்ணு, பத்து நாளைக்கு இங்க வந்து இரு. மனசு மாறும்.” வருகிறேன் என்று சொன்னால், தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தேங்காய் சுடும் நோம்பி. தெருவில் வீட்டுக்கு வீடு தீ. அவர் இருந்தால் அவர்தான் சுடுவார். இந்தத் தடவை மாமா உட்கார்ந்தார். தேங்காய்க்குள் பாசிப்பருப்பு, எள்ளு, வெல்லம், அவல் எல்லாம் போட்டு, மஞ்சள் பூசிய குச்சியில் குத்திக் கொடுத்தேன். விதுலா என் மடியில்.

நல்ல வாசம் வந்தது. வெந்துவிட்டது, எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தார். வெல்லம் பொங்கித் தீயில் ஒழுகிக் கரிகிற வாசம் வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. மேகலாக்கா வீட்டிலிருந்து அவள் கணவர் கத்தினார்: “பெரியப்பா, கருகுது!” மாமாவுக்குக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, “வாசம் வந்துருச்சா அம்மிணி?” என்று கேட்டார்.

அப்போதுதான் தெரிந்தது.

உடைத்துப் பார்த்தால் உள்ளே கரி. மாமா நடுவில் வெள்ளையாக இருந்த துண்டைத் தேடி எடுத்து விதுலா வாயில் வைத்தார். அவருக்குக் காது கேட்காது என்று ஊருக்கே தெரியும். மூக்கைப் பற்றி யாரும் எப்போதும் பேசியதில்லை. அவரே பேசியதில்லை. வாழ்நாள் முழுக்க அந்த ஆயிலில் நின்றவர். மேகலாக்கா கணவரும் வந்து இறங்கியிருக்கிறார், அந்த வீடு முழுக்க அதே வாசம்தான். அங்கே இருக்கிறவளுக்கு என் டம்ளரில் என்ன தெரியும்?

என் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. ஜாடியில் புதிதாகப் பிடித்து வைத்தேன். இன்று காலை வெயில் படும்போது கழுத்தில் மெல்லிசாக ஒரு ஆடை. சாய்த்தால் பச்சையும் ஊதாவுமாக ஓடுகிறது.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். “சோப்பா இருக்கும்.”

“சோப்பே போடலீங்க மாமா.”

“மோட்டாரு கிரீஸா இருக்கும்” என்றார். ஜாடியைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஜூலை 24, வியாழன்

சென்ட்ரிங் ராசு டிவிஎஸ்ஸில் வந்தார். மாமா கடைவீதிக்குப் போயிருந்தார்.

“அய்யா இல்லீங்களா? பழைய ஆயிலு இருந்தா எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். மேல்தளம் ஒண்ணு போடறோம், பலவைக்கு வேணும்.”

“நீங்கதான் போன மாசமே எடுத்துட்டுப் போயிட்டீங்களே?”

“நானா? நான் வந்தே ஆறு மாசமாச்சுங்களே. இந்தத் தடவை எல்லாம் வேற ஆரோ கொண்டு போயிட்டாங்களாட்ட இருக்குது.” காலி இடத்தையும் கறையையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நேராகப் பின்னால் போனேன். விதுலாவைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் போனேன். வறண்ட போரின் கல்லைத் தள்ளி, மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் மரையில் கறுப்பாக ஈரம். குழாயின் விளிம்பிலிருந்து உள்ளே ஒழுகின கோடு. முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை.

மாமா வந்து, செருப்பைக் கழற்றி, சொம்பில் தண்ணீர் மொண்டு குடிக்க உட்கார்ந்தார்.

“மாமா, அந்த ஆயில எங்கீங்க ஊத்துனீங்க?”

“என்னது?”

“ஆயிலுங்க! பழைய ஆயிலு!”

“தாட்டியுட்டாச்சுன்னு சொன்னனே.”

“எங்கீங்க தாட்டுனீங்க?”

எதிர்வீட்டு வாசலில் மேகலாக்கா கூட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள். மாமா தாடையால் பின்பக்கம் காட்டினார்.

“ராசு அன்னைக்கு ஊர்ல இல்ல. லோகு இன்னைக்கே எடுங்கன்னு போன்ல குதிக்கறான். நீ அழுதுட்டு இருக்கற. நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது? அது வறண்ட போரு அம்மிணி. அத்தன ஆழம். கீழ போனாப் போனதுதான்.”

“துண்டு பறந்துச்சுங்களே மாமா!”

“என்ன துண்டு?”

“புதுப் போர் போட்டப்ப! பழைய போர்ல இருந்து தூசி வந்துச்சு! உங்க மகன் துண்டப் போட்டாரு, முருங்க மரத்துல போய் மாட்டுச்சு! நீங்களும் நின்னு சிரிச்சீங்களே! காத்து வந்த வழியில ஆயிலு வராதுங்களா?”

தெருவே கேட்டிருக்கும். மாமா சொம்பைக் கையில் பிடித்தபடி பின்பக்கம் பார்த்தார். பிறகு அங்கே எழுந்து போய், இரண்டு போருக்கும் நடுவில் உள்ள தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் ஊராகப் பாறையைத் துளைத்தவர். பக்கத்துப் போரில் தூசி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பி வந்து சொம்பில் இருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனார். செடிக்கும் ஊற்றாமல் சாக்கடையில் ஊற்றினார்.

நான் சொன்னது சரி என்று ஆனதும் ஓங்கி அழலாம் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. நான் அழுததால்தான் ஊற்றினார் என்பதும் கூடவே வந்து நிற்கிறது.

ஜூலை 25, வெள்ளி

மாமா அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“லோகு, அம்மிணி சொன்னது நெசம்டா. தப்பு என்ற மேலதான். எனக்கு மூக்கு செத்து வருசமாச்சு. உங்கிட்டச் சொல்லல.”

அவர் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“சிந்து.”

“ம்.”

“புள்ளைக்கு அந்தத் தண்ணி குடுத்துட்டு இருந்தியா?”

“வாசம் வந்த அன்னையில இருந்து கொதிக்க வெச்சதுதான். இப்பக் கேன் தண்ணி.”

“செரி” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கிறவர் இல்லை. “செரி சிந்து” என்று இன்னொரு முறை சொன்னார். அதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பழைய போரில் மிதக்கிறதை முதலில் எடுக்க வேண்டும் என்றார் அவர். புதுப் போரின் மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரைக் காலி இடத்தில் வெட்டின குழியில் விட வேண்டும். “அப்படியும் போகலன்னா வண்டியக் கொண்டாந்து காத்து அடிச்சுக் கழுவி உட்டர்றேன்” என்றார்.

“அதுக்கு இங்கயே ஒரு வண்டியக் கூப்புடலாமே” என்றேன். எதிர்வீட்டிலேயே நிற்கிறது.

மாமாவுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது. “ரிக்கு வெச்சிருக்கறவன் ஊட்டுக்கு ஊரான் ரிக்கு வந்து போரு கழுவுறதா? செங்கோட்டுல கைகொட்டிச் சிரிப்பானுக. கழுவுனா நம்ம வண்டிதான் கழுவோணும்.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரெல்லாம் காவிரிக்குப் போய்விட்டது. நானும் மாமாவும் கயிறு இழுத்தோம்.

மெக்கானிக்குகள் கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டை மூட்டையாகக் கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டு, போருக்குள் இறக்குவது. மழையில் வறண்ட போரிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. அதன்மேல்தான் ஆயில் மிதக்கிறது. மூட்டை ஊறினதும் மேலே இழுத்து, கேனில் பிழிந்து, மறுபடி இறக்குவது. ஒரு வாரமாக இதுதான். நேற்று வரை மாமா தனியாகச் செய்தார். இன்று கயிறு அவர் கையை விட்டு வழுக்குவதைப் பார்த்து நானும் பிடித்தேன். விதுலாவின் இடுப்பில் என் பழைய துப்பட்டாவைக் கட்டி, மறுமுனையை முருங்கை மரத்தில் கட்டியிருந்தேன். மாமா அதைப் பார்த்துவிட்டு முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தார்.

“உங்க அத்த இருந்தப்ப அவளே கேப்பா. சோறு அடிப்புடிச்சது கூடத் தெரியாம உக்காந்திருக்கறீங்களேன்னு. பேப்பர் படிச்சுட்டு இருந்தேன்னு சொல்லிருவேன்.”

“வாசம் தெரியலன்னு சொல்லிருக்கலாமேங்க மாமா.”

“காது போனவன்னு ஏற்கெனவே எல்லாத்துலயும் உட்டுட்டாங்க அம்மிணி. இதையும் சொன்னா எதுக்குத்தான் கூப்புடுவாங்க?”

நானும் ஏதோ சொல்ல வந்தேன். மூட்டை மேலே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராசு வந்து கேன்களை எடுத்துப் போனார். “தண்ணி கலந்திருக்குதுங்களே” என்றார். “தெளிய வெச்சு மேல இருக்கறத எடுத்துக்கப்பா” என்றார் மாமா.

பழைய போருக்கு மூடியை வெல்டிங் வைத்துவிட்டார்கள். இனிமேல் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சாயங்காலம் வழக்கம்போலப் போய் நின்றேன். தொடுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் மோட்டார் போட்டதும் முதல் சொம்புத் தண்ணீரை மாமா என்னிடம் கொண்டு வருகிறார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

“மோந்து பாரு அம்மிணி.”

“இருக்குதுங்க மாமா. நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல.”

சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கொண்டுபோய்க் கொட்டுகிறார். மறுபேச்சு இல்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

மேகலாக்கா கிண்ணத்தில் பால் கொண்டுவந்து நீட்டினாள். “திரியுமான்னு பாத்துச் சொல்லு. நீதான் இப்ப இந்தத் தெருவுக்கு மூக்கு.” கேலிதான். ஆனால் நான் முகர்ந்து சொல்லும் வரை நின்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மிகவும் குறைந்துவிட்டது. மூச்சைப் பிடித்து இழுத்தால்தான் தெரிகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவர் பேசினார். அங்கே மழை அடித்து ஊற்றுகிறது, வண்டி நிற்கிறது. கூட இருக்கிறவர்கள் ராஜஸ்தான் பக்கம் போகலாம் என்கிறார்களாம். அங்கே பாயிண்ட் நிறைய இருக்கிறதாம்.

“தண்ணி எப்பிடி இருக்குது?”

“பரவால்லீங்க.”

“முழுசாப் போயிருச்சுன்னா சொல்லிரு. நாங்க அந்தப் பக்கம் கெளம்பிருவோம், தீபாவளிக்குத்தான் வருவேன். போகலன்னா வண்டிய ஊருக்கு எறக்கர்றேன். கழுவித்தான ஆகோணும். வெள்ளிக்கெழம கேக்கறேன்.”

“செரீங்க.”

“நீ சொல்றதுதான் சிந்து. அப்பாவுக்குத் தெரியாது.”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விதுலா போனைத்தான் அப்பா என்று கூப்பிடுகிறாள். சார்ஜில் கிடக்கிற போனைக் காட்டி, “ப்பா”. அணைந்து கிடந்தாலும் “ப்பா”. மேகலாக்கா கணவர் தூக்கினால் அழுகிறாள். நடக்க ஆரம்பித்து நன்றாக ஓடவே செய்கிறாள். அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். நீலமாக இரண்டு டிக் விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் மாமா சொம்பு கொண்டு வந்தார். “நாளைக்குச் சொல்றேங்க மாமா, சளி புடிச்சிருக்குது” என்றேன்.

சளி இல்லை. மூக்கு சரியாக இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து சட்டையை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. சட்டையில் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. சட்டையைத் துவைத்துவிட்டேன். தண்ணீர் கறுப்பாகத்தான் போனது. மூன்று அலசு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாமா ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் போனுமாக வந்தார். ஸ்பீக்கரில் அவர். பின்னால் கம்ப்ரஸர் சத்தம் இல்லை. வண்டி நிற்கிறது. மழைச் சத்தம் மட்டும், விடாமல்.

“சிந்து, பாத்தியா?”

“இருங்க.”

சொம்பை வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகத்தில்தான் எல்லாம் தெரிய வேண்டும். மறுபடி ஒரு முறை இழுத்தேன். ஈரக்கல் வாசம். வெங்கலச் சொம்பின் வாசம். அவ்வளவுதான். விதுலா என் கால்களுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“என்ன சிந்து?”

“இருக்குதுங்க” என்றேன். மாமாவுக்குக் கேட்க வேண்டும் என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். “இன்னும் இருக்குதுங்க மாமா. லேசா.”

மாமா போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார். “இருக்குதாமாடா. வண்டிய எறக்கு. கெளம்பி வா.”

“செரி. கெளம்பறேன்” என்றார் அவர்.

மாமா காலி இடத்தில் கிடக்கிற செங்கல்லையும் குப்பையையும் ஒதுக்கிவைக்க வேண்டும், வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். நடையில் ஒரு அவசரம் இருந்தது.

விதுலா “தண்ணி” என்று கை நீட்டினாள். கேன் சமையலறையில் இருக்கிறது. நான் கையில் இருந்த சொம்பைச் சாய்த்துப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தாள்.